வெளிநாட்டில் டாக்டர்... உள்ளூரில் காத்திருப்பு! மருத்துவப் பட்டத்தோடு திரும்புகிறவர்களுக்கு என்ன சிக்கல், சட்டம் எங்கே கைகொடுக்கும்?

விமான நிலையத்தில் மாலை போட்டு அழைத்து வந்தாகிவிட்டது. தெரு முழுக்க ஸ்வீட் கொடுத்தாகிவிட்டது. பெட்டிக்குள் ஜார்ஜியாவிலோ ரஷ்யாவிலோ கிர்கிஸ்தானிலோ வாங்கிய மருத்துவப் பட்டம் பத்திரமாக இருக்கிறது. அடுத்த வாரமே பக்கத்து வீட்டுப் பாட்டி வருவார். "தம்பி, முட்டி ரெண்டும் வலி உயிர் போகுது. நல்லதா ஒரு மாத்திரை எழுதிக் குடேன்" என்பார்.

அந்தத் தம்பியால் எழுதிக் கொடுக்க முடியாது. மாநில மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்யாமல் வைத்தியம் பார்த்தால், 2019-ம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி அது குற்றம். ஓராண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். ஆறு வருடம் படித்தவருக்கும் இதே சட்டம்தான், படிக்காமலே ஊசி போடும் போலி டாக்டருக்கும் இதே சட்டம்தான்.

பாட்டிக்கு அதைப் புரியவைப்பதற்குள் சொந்தக்காரர்கள் ஆரம்பித்துவிடுவார்கள். "என்னப்பா, இன்னும் எந்த ஆஸ்பத்திரியிலயும் சேரலையா?"

தேர்வு என்னும் முதல் சுவர்

வெளிநாட்டில் மருத்துவம் முடித்த இந்தியர்களுக்கு 2002 முதல் தகுதித் தேர்வு ஒன்று நடத்தப்படுகிறது. எஃப்.எம்.ஜி.இ என்பது அதன் பெயர். தேசியத் தேர்வுகள் வாரியம் வருடத்துக்கு இரண்டு முறை இதை நடத்துகிறது. ஒரே நாளில் 300 கேள்விகள், இரண்டு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டரை மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். 150 எடுத்தால் பாஸ்.

கேட்பதற்குச் சுலபம்போலத் தெரியும். ஆனால், பல தேர்வுகளில் எழுதியவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்குத்தான் தேறியிருக்கிறார்கள். 149 எடுத்தவருக்கும் 90 எடுத்தவருக்கும் ஒரே முடிவுதான். மறுமதிப்பீடு கிடையாது. அதனால், 'மார்க் போடச் சொல்லி கேஸ் போடலாம்' என்று யாராவது நம்பிக்கை கொடுத்தால், அந்தப் பணத்தைப் பயிற்சி வகுப்புக்குக் கட்டுவது மேல். இந்த விஷயத்தில் நீதிமன்றங்கள் பொதுவாகத் தலையிடுவதில்லை.

சட்டம் உதவக்கூடிய இடங்கள் வேறு. அவை பெரும்பாலும் தேர்வுக்கு முன்பும் பின்பும் வரும் காகிதங்களில் இருக்கின்றன.

எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள்?

வழக்கறிஞரிடம் போய் உட்கார்ந்தால் அவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. காரணம், 2021 நவம்பர் 18 அன்று வெளியான புதிய விதிமுறைகள். இந்த விதிகளின்படி வெளிநாட்டுப் படிப்பு குறைந்தது 54 மாதங்கள் இருக்க வேண்டும். ஆங்கிலவழியில் இருக்க வேண்டும். படித்த அதே கல்வி நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். அந்த நாட்டிலேயே, அந்த நாட்டுக் குடிமக்களுக்குச் சமமாக டாக்டர் தொழில் செய்ய உரிமம் பெறும் தகுதியும் வேண்டும். அதற்குப் பிறகு இந்தியாவில் இன்னொரு 12 மாதப் பயிற்சி. எல்லாமே, படிப்பில் சேர்ந்த நாளிலிருந்து 10 வருடங்களுக்குள் முடிய வேண்டும்.

அந்தத் தேதிக்கு முன்பே வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இந்த விதிகள் பொருந்தாது, பழைய விதிகள்தான். ஒரே கல்லூரியில் சில மாத இடைவெளியில் சேர்ந்த சீனியருக்கும் ஜூனியருக்கும் வேறு வேறு சட்டம் என்ற நிலை இப்படித்தான் வந்தது.

பிலிப்பைன்ஸ் போனவர்களைக் கேட்டால் இதன் வலி தெரியும். அங்கே முதலில் பி.எஸ் என்ற இளநிலைப் படிப்பு, பிறகு நான்கு வருட எம்.டி என்பது முறை. நான்கு வருடம் என்றால் 48 மாதங்கள். இந்திய விதி கேட்பதோ 54. பி.எஸ் படித்த காலத்தை மருத்துவப் படிப்பாகச் சேர்த்துக்கொள்ளவும் முடியாது என்றது ஆணையம். ஏஜென்ட்டின் வண்ண நோட்டீஸில் 'ஐந்தரை வருட எம்.பி.பி.எஸ்' என்று போட்டிருந்ததை நம்பி நிலத்தை விற்ற அப்பாக்களுக்கு இந்தக் கணக்கு எப்படித் தெரியும்?

நீட் விஷயத்தில் மட்டும் குழப்பம் தீர்ந்துவிட்டது. வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ் படிக்கவும் நீட் தேர்ச்சி கட்டாயம் என்று 2018-ல் கொண்டுவந்த விதி செல்லும் என 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கொரோனா போட்ட முடிச்சு

இந்தத் தலைமுறை மாணவர்களை அதிகம் அலைக்கழித்தது ஆன்லைன் வகுப்புதான். 2020 தொடக்கத்தில் சீனாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் திரும்பிப் போக முடியவில்லை. கடைசிப் பருவத்தை வீட்டில் செல்போனைப் பார்த்தபடியே முடித்தார்கள். நோயாளியின் வயிற்றில் கைவைத்துப் பார்க்காமல், பிரசவ வார்டில் நிற்காமல், பட்டம் வந்துவிட்டது. இந்தியத் தகுதித் தேர்விலும் சிலர் தேறிவிட்டார்கள். இவர்களை ஹவுஸ் சர்ஜனாகச் சேர்க்கலாமா, கூடாதா?

அப்படி ஒரு மாணவியின் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. தற்காலிகப் பதிவு வழங்கச் சொன்னது உயர் நீதிமன்றம். தேசிய மருத்துவ ஆணையம் மேல்முறையீட்டுக்குப் போனது. 2022 ஏப்ரல் 29 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைப் பலரும் 'மாணவி தோற்றுவிட்டார்' என்று ஒரு வரியில் கடந்துபோனார்கள். பாதிதான் உண்மை.

நேரடி மருத்துவப் பயிற்சி முடிக்காதவருக்குப் பதிவு கொடுக்கும்படி ஆணையத்தைக் கட்டாயப்படுத்த முடியாது என்றது நீதிமன்றம். நோயாளியின் பாதுகாப்பை நினைத்தால் அது நியாயமான பேச்சுதான். ஆனால், அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருந்தது. பெருந்தொற்று காரணமாகப் பயிற்சி விட்டுப்போனவர்கள் இங்கேயே அதை முடிக்க ஒருமுறை ஏற்பாடாக ஒரு திட்டம் வகுக்க வேண்டும், அதை இரண்டு மாதங்களுக்குள் செய்ய வேண்டும் என்று ஆணையத்துக்கு உத்தரவிட்டது.

அதன்படி 2022 ஜூலை 28 அன்று ஒரு திட்டம் வந்தது. கொரோனாவாலோ போராலோ திரும்பிவந்து, 2022 ஜூன் 30-க்குள் பட்டம் பெற்ற கடைசி வருட மாணவர்கள் தகுதித் தேர்வு எழுதலாம். தேறினால் ஒரு வருடத்துக்குப் பதில் இரண்டு வருடம் ஹவுஸ் சர்ஜனாக இருக்க வேண்டும். ஒரு மாணவி தன் பெயரில் போட்ட வழக்கு, அவரைப்போல நின்றுகொண்டிருந்த எத்தனையோ பேருக்கு ஒரு பாதை போட்டுக்கொடுத்தது. கூடவே ஒரு வருடம் அதிகம் உழைக்கும் பாரத்தையும்!

உக்ரைன் போரில் பதுங்கு குழியிலிருந்து மீண்டு வந்தவர்களுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். இந்தியக் கல்லூரிகளில் இடம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. 2023 மார்ச்சில் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் ஒரு யோசனையை வைத்தது. கடைசி வருட மாணவர்கள் இந்தியக் கல்லூரியில் சேராமலேயே எம்.பி.பி.எஸ் இறுதித் தேர்வின் இரு பகுதிகளையும் எழுத ஒரே ஒரு வாய்ப்பு. அதன் பிறகு இரண்டு வருடப் பயிற்சி, அதில் முதல் வருடம் சம்பளமில்லாமல்.

பின்னர் வந்த சுற்றறிக்கைகள், எந்த வருடம் ஆன்லைனில் படித்தீர்கள் என்பதைப் பொறுத்துப் பயிற்சிக் காலம் இரண்டா, மூன்றா என்று மாற்றிக்கொண்டே போனதில் குழப்பம் கூடியது. 2024 ஜூனில், ஆன்லைன் வகுப்புகளை நேரடி வகுப்பாக முறைப்படி ஈடுசெய்து, அதற்கான தேர்விலும் தேறியவர்களுக்கு ஒரு வருடம் போதும் என்று ஆணையமே விளக்கம் தர வேண்டியிருந்தது. எந்தச் சுற்றறிக்கையின் தேதியில் உங்கள் ஃபைல் மேஜைக்குப் போனதோ, அது உங்கள் வாழ்க்கையில் ஒரு வருடம்.

கெடுபிடிக்கு ஒரு காரணம் உண்டு

மருத்துவக் கவுன்சில்கள் சான்றிதழை மாதக்கணக்கில் சரிபார்ப்பதைக் குறைசொல்வதற்கு முன் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். தகுதித் தேர்வில் தேறாமலே பதிவு வாங்கியதாக வெளிநாட்டில் படித்த 73 பேர் மீது 2022 டிசம்பரில் சி.பி.ஐ வழக்கு பதிந்தது. 14 மாநில மருத்துவக் கவுன்சில்களும் அந்த வழக்கில் சேர்க்கப்பட்டன. அதன் பிறகு எந்த அதிகாரிதான் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து போடுவார்? நேர்மையாகத் தேறியவர்கள் அதற்கும் சேர்த்துக் காத்திருக்கிறார்கள்.

கோர்ட்டுக்குப் போகும் முன்

கவுன்ட்டரில், "உங்களுக்கு ரெண்டு வருஷம் வருதுங்க" என்று வாயால் சொல்வது உத்தரவு ஆகாது. அதை வைத்து வழக்கு போட முடியாது. செய்ய வேண்டியது, கோரிக்கையை மனுவாக எழுதி, எந்த விதியின்படி கேட்கிறீர்கள் என்று குறிப்பிட்டு, சேர்ந்ததற்கான ஆதாரம் கிடைக்கும் வகையில் தபாலில் அனுப்புவது. கூடவே மின்னஞ்சலும். இந்த இரண்டு ஆதாரங்கள்தான் பின்னால் வழக்குக்கு அடித்தளம்.

பதில் வரவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுவின் நிலை என்ன என்று கேட்கலாம். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். ஃபைலில் யார் என்ன குறிப்பு எழுதினார் என்பதையும் நகலாகக் கேட்கலாம். வழக்கறிஞருக்கு இதைவிட நல்ல ஆயுதம் கிடைக்காது.

அதற்குப் பிறகு உயர் நீதிமன்றம். அரசியலமைப்பின் 226-வது பிரிவின் கீழ் ரிட் மனு போடலாம். ஆணையம் டெல்லியில் இருந்தாலும் பாதிப்பு இங்கே நடந்திருப்பதால் இங்கேயே வழக்கு தொடர வழி உண்டு. திருச்சி, தஞ்சாவூரிலிருந்து கன்னியாகுமரி வரை உள்ளவர்களுக்கு மதுரைக் கிளை, மற்றவர்களுக்குச் சென்னை.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. இத்தகைய வழக்குகளில் 'மனுவை இத்தனை வாரங்களுக்குள் பரிசீலித்து முடிவெடுங்கள்' என்று உத்தரவு வருவது வழக்கம். வீட்டில் உடனே ஜெயித்துவிட்டதாகக் கொண்டாடுவார்கள். பரிசீலித்துவிட்டு 'முடியாது' என்றும் சொல்லலாமே! ஆனாலும் அந்த 'முடியாது' காரணத்தோடு எழுத்தில் வரும். அந்தக் காரணம் விதிக்குப் பொருந்தவில்லை என்றால், அதை ரத்துசெய்யச் சொல்லி இரண்டாவது வழக்கு போடலாம். வழக்கறிஞரிடம் கட்டணம் பேசும்போது இந்த இரண்டு சுற்றுக்கும் சேர்த்துப் பேசிவிடுவது நல்லது.

ஏற்கெனவே கல்விக் கடனில் மூழ்கிய குடும்பம், வக்கீல் ஃபீஸுக்கு எங்கே போகும்? 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமலே இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இதன் அலுவலகம் இருக்கும். உயர் நீதிமன்ற வழக்குகளுக்கு சென்னையிலும் மதுரையிலும் தனிக் குழுக்கள் இருக்கின்றன. 15100 என்ற எண்ணுக்கு போன் செய்தும் கேட்கலாம். டாக்டருக்குப் படித்த பெண் இலவச சட்ட உதவி கேட்பதா என்ற தயக்கம் பல வீடுகளில் இருக்கிறது. 'பெண்' என்ற ஒரு தகுதியே சட்டப்படி போதும்.

ஏஜென்ட் ஏமாற்றியிருந்தால்...

'இந்தக் கல்லூரிக்கு இந்தியாவில் அங்கீகாரம் உண்டு' என்று பொய் சொல்லிச் சேர்த்திருந்தால், நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. ஆனால், பிரச்னை எழுந்ததிலிருந்து இரண்டு வருடங்களுக்குள் போக வேண்டும். 'இன்னும் ஒரு மாசம் பொறுங்க சார்' என்று ஏஜென்ட் இழுத்தடிப்பது பெரும்பாலும் இந்த இரண்டு வருடத்தைக் கரைக்கத்தான். பணத்தைக் கையில் கொடுத்தவர்களுக்கு ரசீது இருக்காது. வாட்ஸ்அப் உரையாடல், நோட்டீஸ், வங்கிப் பரிமாற்றம் எதையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். மோசடி தெளிவாகத் தெரிந்தால் போலீஸ் புகாரும் தனியாகக் கொடுக்கலாம்.

ஹவுஸ் சர்ஜன் சம்பளம்

எல்லாம் தாண்டிப் பயிற்சியில் சேர்ந்த பிறகும் ஒரு பாகுபாடு காத்திருந்தது. ஒரே வார்டு, ஒரே நைட் டியூட்டி. உள்ளூரில் படித்தவருக்கு உதவித்தொகை உண்டு, வெளிநாட்டில் படித்தவருக்குப் பல இடங்களில் கிடையாது. இருவருக்கும் சமமாகத் தர வேண்டும் என்று 2022 மார்ச்சில் ஆணையம் சுற்றறிக்கை விட்டது. அப்படியும் தராத கல்லூரிகள் மீதான வழக்கில், வெளிநாட்டில் படித்தவர்களை வேறுமாதிரி நடத்தக் கூடாது என்று 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்றைக்கும் கல்லூரி தரவில்லை என்றால், மனுவில் இந்த இரண்டையும் குறிப்பிட்டுக் கேட்கலாம்.

கிளம்பும் முன் ஒரு ஃபைல்

இப்போது வெளிநாட்டில் கடைசி வருடத்தில் இருப்பவர்கள், ஊருக்கு டிக்கெட் போடும் முன் சில காகிதங்களை அங்கேயே வாங்கிவிட வேண்டும். ஒவ்வொரு பருவத்துக்குமான மதிப்பெண் பட்டியல், நேரடி வகுப்பு எத்தனை மாதம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று பல்கலைக்கழகம் தரும் கடிதம், அங்கே முடித்த பயிற்சிக்கான சான்று, புதிய விதிக்குள் வருபவர் என்றால் அந்த நாட்டு உரிமம் தொடர்பான சான்று. இவற்றை அந்த நாட்டின் முறைப்படி சான்றொப்பம் செய்து வாங்க வேண்டும். ஊருக்கு வந்த பிறகு விட்டுப்போன ஒரு கடிதத்துக்காக மறுபடி விமானம் ஏறியவர்கள் உண்டு.

பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. எந்த நாளில் அந்த நாட்டுக்குள் போனீர்கள், எந்த நாளில் வெளியே வந்தீர்கள் என்று காட்டும் குடியேற்றத் துறை முத்திரைகள் அதில்தான் இருக்கின்றன. நேரடி வகுப்பில்தான் இருந்தேன் என்று கவுன்சிலிலும் கோர்ட்டிலும் சொல்வதற்கு அந்த மங்கிப்போன முத்திரைகளைத்தான் கேட்பார்கள்.