ஹார்டு டிஸ்க் தெரியவில்லையா? அவசரப்பட வேண்டாம்

காலையில் கடை திறந்து கம்ப்யூட்டரைப் போட்டால், ஹார்டு டிஸ்க் இல்லை என்று திரை சொல்கிறது. பற்று வரவு, சரக்கு இருப்பு, ஜி.எஸ்.டி. பில் எல்லாம் அதற்குள்தான். உடனே ஆளை அழைத்து, "ஃபார்மேட் பண்ணிக் கொடு, வியாபாரம் நிற்கிறது" என்பவர்கள் நம்மில் உண்டு. பேரேடு போய்விட்டால் கடன் பாக்கியை எதை வைத்துக் கேட்பது?

முதலில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு டிஸ்க்கில் செருகிய இரண்டு ஒயர்களையும் பார்க்க வேண்டும். ஒன்று கரண்டுக்கு, மற்றது தகவலுக்கு. மாவுத் தூசியும் எலியும் நம் கடைகளில் சகஜம். கழற்றி அழுத்திச் செருகினாலே சில சமயம் சரியாகும். இல்லையேல் வேறு ஒயர் மாற்றலாம். அதற்கும் மசியாவிட்டால் டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்கலாம். அங்கே தெரிந்தால் கோளாறு நம் கம்ப்யூட்டரில்தான். தேதி பழைய வருடத்தைக் காட்டினால், போர்டிலுள்ள காசு அளவு பேட்டரி தீர்ந்து அமைப்புகள் மாறியிருக்கக்கூடும்.

டிஸ்க்கில் 'டிக் டிக்' சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். மறுபடி மறுபடி போட்டால் உள்ளே தட்டு கீறிப்போகும். தகவல் மீட்பவரிடம்தான் கொடுக்க வேண்டும், செலவு கொஞ்சமல்ல. எஸ்.எஸ்.டி. வகையோ சத்தமே போடாமல் நின்றுவிடும்.

ஆண்டறிக்கை கெடு நாளிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்கச் சொல்கிறது ஜி.எஸ்.டி. சட்டம். கம்ப்யூட்டர் கணக்குக்கு நகல் வேண்டும் என்கிறது விதி 57. எங்கள் மண்டியில் இரண்டு பென் டிரைவ் உண்டு. கல்லா எண்ணும் நேரத்தில் நாளுக்கொன்றாக மாற்றி நகல் எடுத்து, அன்றைய டிரைவை வீட்டுக்குக் கொண்டுபோகிறோம்.