யார் செய்த வேலை?

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் எங்கள் வகுப்பு மாணவியர் இருவருக்கு ஒரே வாரத்தில் மஞ்சள் காமாலை கண்டது. இருவரும் ஒரே தெருவில் வசிப்பவர்கள். ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பவர்கள். ஒருத்திக்கு அவளுடைய பாட்டி கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி அரைத்து, மோரில் கலக்கி, விடியற்காலையில் வெறும் வயிற்றில் கொடுத்து வந்தார். மற்றவள் வீட்டில், மருத்துவர் சொன்னபடி, ஓய்வும் கஞ்சியும் மட்டுமே. ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து இருவரும் ஒரே நாளில் பள்ளிக்குத் திரும்பினார்கள்!

"பார்த்தீர்களா என் மருந்தை?" என்றார் பாட்டி. "அப்படியானால் இவளைக் குணப்படுத்தியது யார், பாட்டி?" என்று மற்றவளைக் காட்டிக் கேட்டோம். பாட்டி சற்று யோசித்துவிட்டு, "அவளுக்கு லேசாகத்தான் வந்திருக்கும்" என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

ஒரு வேலை நடந்திருக்கிறது; அதைச் செய்தது யார்? இந்தக் கேள்வி எங்கள் விஞ்ஞான மன்றத்தை விட்டுப் போகவில்லை. தேடிப் படித்தபோது, மாட்டுத் தீவனத்தில் ஒருவரும், சாக்கடை நீரில் இருவரும், மூலிகையில் பலரும் இதே கேள்வியைக் கேட்டிருப்பதை அறிந்தோம். அவர்களுள் முதலாமவர் கதை எங்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஆகவே தொழுவத்திலிருந்தே தொடங்குகிறோம்.

மாடு வைக்கோலைத் தின்று பால் தருகிறது. ஆனால் வைக்கோலின் நாரைக் கரைக்கக்கூடிய சுரப்பு எதுவும் மாட்டின் உடலில் கிடையாது! அதன் முதல் வயிறு நூறு லிட்டருக்கு மேலும் கொள்ளக்கூடிய ஒரு பெரிய தொட்டி. அதில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவையே நாரைச் சிதைத்து மாட்டுக்கு உணவாக்குகின்றன. மாட்டுக்குத் தீவனம் போடுவதாக எண்ணி, உண்மையில் நாம் அந்தக் கண்காணாக் கூட்டத்திற்கே படியளக்கிறோம்.

சூபாபுல் என்னும் சவுண்டல் மரத்தை நம்மில் பலர் வேலியோரத்தில் பார்த்திருப்போம். மெக்சிகோ நாட்டுப் பக்கத்திலிருந்து உலகெங்கும் பரவிய மரம் அது. அதன் தழையில் புரதம் மிகுதி. ஆயினும் அதில் மைமோசின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. குதிரை தின்றால் பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டிவிடும். மாட்டின் வயிற்றிலோ மைமோசின் உடைந்து டி.எச்.பி. என்ற வேறொரு பொருளாகிறது. அது தைராய்டு சுரப்பியைக் கெடுத்து, கழுத்து வீங்கச் செய்து, கன்றுகளை வளரவிடாமல் அடிக்கிறது. ஆஸ்திரேலியாவில் இந்தத் தழையை மேய்ந்த மாடுகள் இவ்வாறுதான் அவதிப்பட்டன. ஆனால் ஹவாய்த் தீவுகளில் ஆடுமாடுகள் அதே தழையைத் தின்று கொழுத்தன. மரம் ஒன்று, தழை ஒன்று, நஞ்சும் ஒன்று. வேறுபாடு எங்கே?

ஆஸ்திரேலிய அரசின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ரேமண்ட் ஜோன்ஸ், வேறுபாடு ஆட்டிலோ மாட்டிலோ இல்லை, அவற்றின் வயிற்றுக்குள் குடியிருப்பவரிடம் இருக்கலாம் என்று 1981-இல் எழுதினார். ஊகம் மட்டும் போதுமா? ஹவாய் ஆட்டின் வயிற்று நீர் கடல் கடந்து ஆஸ்திரேலியா வந்தது. அங்குள்ள கால்நடைகளின் வயிற்றில் அதைச் செலுத்தினார்கள். டி.எச்.பி. சிதைந்துபோயிற்று, நோயும் நீங்கிற்று! இந்தோனேசிய ஆடு ஒன்றின் வயிற்று நீரும் அதே வேலையைச் செய்தது. பின்னர் அந்த நுண்ணுயிரைத் தனியே பிரித்தெடுத்து, 1992-இல் ஜோன்ஸின் பெயரையே சேர்த்து 'சினர்ஜிஸ்டிஸ் ஜோன்சியை' என்று பெயரிட்டார்கள். ஆட்டு வயிற்றுக் கிருமிக்குத் தம் பெயரை வைத்ததற்கு மகிழ்ந்திருப்பார் என்றே நினைக்கிறோம்.

கதை இத்துடன் முடிந்துவிடவில்லை. அண்மை ஆண்டுகளின் ஆராய்ச்சியில், நெடுநாள் சூபாபுல் தின்று பழகிய மாடுகளின் ஈரலே அந்த நஞ்சைப் பிணைத்து வெளியேற்றிவிடுகிறது என்று தெரியவந்துள்ளது. அப்படியானால் பல இடங்களில் வேலை செய்தது கிருமியா, ஈரலா? வழக்கை மீண்டும் திறந்திருக்கிறார்கள். தீர்ப்பு வந்தபிறகும் கேள்வி கேட்பதற்கு விஞ்ஞானத்தில் வெட்கப்பட வேண்டியதில்லை போலும்.

சாக்கடை நீரைச் சுத்தம் செய்யும் தொட்டியும் ஒரு வகையில் மாட்டு வயிறுதான். இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்துக் கழிவுநீர் நிலையத்தில் எட்வர்ட் ஆர்டன், வில்லியம் லாக்கெட் என்ற இருவர் புட்டிகளில் சாக்கடை நீரை நிரப்பி, உள்ளே காற்றை ஊதிக்கொண்டே இருந்தார்கள். நீர் நன்றாகத் தெளிய ஏறக்குறைய ஐந்து வாரம் பிடித்தது. இவ்வளவு காலம் எந்த நகரம் காத்திருக்கும்? அவர்களுக்கு முன்பும் காற்றை ஊதிப் பார்த்தவர்கள் உண்டு. ஆனால் அடியில் தங்கும் சேற்றைக் கழித்துவிடாமல், மேலே தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டு, அதே சேற்றின்மேல் புதுச் சாக்கடை நீரை ஊற்றியது இவர்களுடைய சிறப்பு. அடுத்த முறை விரைவில் தெளிந்தது. அதற்கடுத்த முறை இன்னும் விரைவு. சேறு சேரச் சேர, வாரங்கள் சுருங்கி ஒரு நாளாயிற்று. பிறகு சில மணி நேரமாயிற்று. வேலை செய்தது காற்று மட்டுமன்று. காற்றை உண்டு பெருகி அந்தச் சேற்றில் குடியிருந்த நுண்ணுயிர்கள்! 1914 ஏப்ரல் 3-ஆம் நாள் இதை மான்செஸ்டரில் அறிவித்தார்கள். நூறாண்டு கடந்தும் உலகெங்கும் நகரங்கள் இந்த முறையைக் கையாளுகின்றன. ஆராய்ச்சிக்கு அவர்களைத் தூண்டிய கில்பர்ட் ஃபௌலர் பின்னர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராக இருந்தார் என்பது நமக்கு நெருக்கமான செய்தி.

இனிப் பாட்டியின் கீழாநெல்லிக்கு வருவோம். சாக்கடை கலந்த குடிநீரால் வருவது 'ஏ', 'ஈ' வகைக் காமாலை. அந்தத் தெருவிலும் அப்படித்தான், குழாய் உடைந்து சாக்கடை கலந்தது பிறகு தெரிந்தது. கருவுற்ற தாய்மாருக்கு 'ஈ' வகை மிகுந்த ஆபத்து; மற்றவரில் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானே குணமாகும். இதனால்தான் காமாலைக்கு யார் எதைக் கொடுத்தாலும் அது மருந்தாகத் தோன்றுகிறது!

'பி' வகை அப்படியன்று. அது இரத்தத்தாலும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து சேய்க்கும் பரவி, சிலரிடம் ஆயுள் முழுவதும் தங்கிவிடும். வெளியே ஓர் அறிகுறியும் இல்லாமல் ஈரலை அரித்துக்கொண்டிருக்கும். இந்த வைரஸைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பர்க்கும், சென்னையைச் சேர்ந்த எஸ். பி. தியாகராஜன் முதலியோரும் கீழாநெல்லியை முறைப்படி ஆராய்ந்தார்கள். வைரஸ் தங்கியவர்களில் ஒரு சாராருக்கு மூலிகைத் தூளும், மற்றவர்களுக்கு அதே போன்று தோன்றும் வெற்று மருந்தும் 30 நாள் கொடுத்தார்கள். மீண்டும் இரத்தம் சோதித்தபோது, மூலிகை உண்ட 37 பேரில் 22 பேரிடம் வைரஸின் அடையாளம் மறைந்திருந்தது. வெற்று மருந்து உண்ட 23 பேரில் ஒருவரிடம் மட்டுமே. 1988-இல் லான்செட் இதழில் இது வெளிவந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. பாட்டி வென்றுவிட்டார் என்று நாங்களும் படித்தபோது துள்ளினோம்.

ஆனால் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் திரும்பச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. சோதனைகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தவர்கள் 2011-இல், நம்பத்தக்க சான்று இல்லை என்றே எழுதினார்கள். மூலிகையே வீண் என்று இதற்குப் பொருளன்று. சீனத்து மாசிப்பத்திரி வகைச் செடி ஒன்றிலிருந்து மலேரியா மருந்தைப் பிரித்தெடுத்த து யூயூ அம்மையாருக்கு 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த மருந்து எத்தனை முறை சோதித்தாலும் நின்றது. கீழாநெல்லி 'பி' வைரஸிடம் நிற்கவில்லை. எங்களுக்கு இது வருத்தமே.

இதை நாங்கள் விளையாட்டாக எழுதவில்லை. எங்கள் மன்றத்துத் தோழி ஒருத்தியின் பெரியப்பாவுக்கு அவ்வப்போது கண் மஞ்சளாகும். கீழாநெல்லி சாப்பிடுவார், மஞ்சள் இறங்கும், குணமாயிற்று என்று வேலைக்குப் போவார். இரத்தம் சோதிக்க யாருக்கும் தோன்றவில்லை. வயிறு வீங்கிய பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோதுதான், 'பி' வைரஸ் பல ஆண்டுகளாக இருந்ததும் ஈரல் இறுகிப்போனதும் தெரிந்தன. தவக்காலத்தில் அவர் காலமானார்.

மருத்துவர் சொன்னதன்பேரில் வீட்டில் எல்லோரும் இரத்தம் கொடுத்தார்கள். மூத்த அண்ணனுக்கும் வைரஸ் இருந்தது. ஈரல் இன்னும் கெடவில்லை. வைரஸை அடக்கி வைக்கும் மாத்திரையை நாள்தோறும் உட்கொண்டு வருகிறார். மற்றவர்களுக்குத் தடுப்பூசி மூன்று தவணை. இந்த ஊசியைக் குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட்டுவிட்டால் தாயிடமிருந்து தொற்றுவதைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம் என்று மருத்துவர் அவர்களிடம் சொன்னாராம். எங்கள் தோழி மூன்றாவது ஊசியைப் போட்டுக்கொண்டு, வலிக்கும் கையோடு அன்றே மன்றக் கூட்டத்துக்கு வந்தாள். பாட்டிக்கும் ஊசி உண்டா என்று கேட்டவளும் அவள்தான்.