கை தூண் அன்று

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வாழ்க்கையிலிருந்து துவிச்சக்கர வண்டியைப் பிரித்தெடுத்துப் பேசுதல் இயலாது. 1990களில் எரிபொருளுக்குத் தடை இருந்த காலத்தில் அரிசி மூடையும் விறகுக் கட்டும் நோயாளியும் அதன்மேலேதான் ஏறிச் சென்றனர். 2022ஆம் ஆண்டில் பெற்றோலுக்கு நாடெங்கும் வரிசைகள் நீண்டபோது, மூலையில் துருப்பிடித்துக் கிடந்த வண்டிகள் மீண்டும் தெருவுக்கு வந்தன. இத்துணை உழைக்கும் வண்டியைப்பற்றி நாம் பலவும் பேசுகிறோம். அதைப் பிடித்திருக்கும் கையைப்பற்றி மட்டும் பேசுவதில்லை.

எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் நாள்தோறும் பல மைல் வண்டியோட்டிப் பாடசாலைக்கு வருபவர். வந்து சேர்ந்த முதற் பாடவேளையில் அவருடைய சின்னவிரலும் மோதிரவிரலும் விறைத்திருக்கும். சோக்கட்டி கைநழுவி விழும். வயதின் குற்றம் என்றார் ஒருவர். இரத்தக் குறைவு என்றார் வேறொருவர். உண்மைக் காரணமோ அவருடைய உள்ளங்கையின் அடியில் இருந்தது.

மணிக்கட்டில், சின்னவிரற் பக்கமாக, இரண்டு சிற்றெலும்புகளுக்கிடையே ஒடுங்கிய வழி ஒன்றுண்டு. பிரெஞ்சுச் சத்திரசிகிச்சை நிபுணரான கியோன் 1861இல் அதனை விவரித்தமையால் அவர் பெயராலேயே அது வழங்குகின்றது. முழங்கைக்குப் பின்னால் இடிபட்டால் 'சுரீர்' என்று மின்னலடிக்கச் செய்யும் அதே அல்னார் நரம்பு இவ்வழியாகத்தான் விரல்களுக்குச் செல்கிறது. கைப்பிடியில் உடற்பாரத்தை ஊன்றி, மணிக்கட்டைப் பின்னோக்கி வளைத்து, கிறவல் ஒழுங்கையின் அதிர்வையும் அதனோடு சேர்த்துக் கொடுத்தால் அந்நரம்பு நசுங்காது என்செய்யும்? பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் என்பன விறைப்பின் நசிவது வேறொரு நரம்பாகும்; அது மணிக்கட்டின் நடுவே செல்வது.

ஆகவே பரிகாரத்தை முதலில் கையில் தேடாது ஆசனத்தில் தேடுதல் வேண்டும். ஆசனத்தின் மூக்கு கீழ்நோக்கிச் சரிந்திருந்தால் உடல் முன்னே வழுகும். அதைத் தடுத்து நிறுத்தும் வேலை கைகளின்மேல் விழும். ஆசனம் மட்டமாக இருக்கட்டும். கைப்பிடி மிகத் தாழ்ந்தோ எட்டாத் தொலைவிலோ இருப்பின் சற்று உயர்த்தி அருகே கொணர்க. முழங்கை சிறிதே மடிந்திருக்க வேண்டும். விறைத்து நீண்ட கை அதிர்ச்சி அத்தனையையும் மணிக்கட்டுக்கே அனுப்பும். மணிக்கட்டு முன்கையோடு நேராக இருத்தல் நன்று. பிடியை இறுக்காமல், சில நிமிடங்களுக்கு ஒருமுறை கையின் இடத்தை மாற்றுக. ரயருக்குக் காற்றை அளவுக்கு மீறி அடைத்தால் கல்லின் ஒவ்வோர் அடியும் கையில் வந்து பேசும். மெத்தை வைத்த கையுறையும் மென்மையான பிடியும் உதவுவனவே. ஆயினும் பிழையாய்ப் பொருத்திய ஆசனத்தை அவை திருத்தமாட்டா.

இவற்றைச் செய்வித்துக்கொள்ளத் தெருமுனைத் திருத்துநரும் ஒரு சாவியும் போதும். பெரும்பாலோர்க்கு ஓய்வோடும் இத்திருத்தங்களோடும் விறைப்பு நீங்கிவிடும். நீங்காதிருப்பின் ஒரு சோதனை கூறுவேன். ஒரு தாளைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலின் பக்கத்துக்கும் இடையே பிடித்துக்கொண்டு, அதனை மற்றொருவரை இழுக்கச் சொல்லுங்கள். தாள் எளிதில் நழுவினாலோ, அதைத் தக்கவைக்கப் பெருவிரலின் நுனி மடங்கினாலோ, தசை தளர்ந்திருக்கலாம். விறைப்பே தோன்றாமல் தசை மட்டும் தளர்வதும் உண்டு. அப்போது எண்ணெய் பூசிக் காலம் போக்காது வைத்தியரை நாடுதல் வேண்டும். நீரிழிவும் கழுத்தெலும்புத் தேய்வும்கூட விரல்களை விறைக்கச் செய்யக்கூடியன என்பதால், காரணத்தை அவரே பிரித்தறிதல் நலம்.

கையெழுத்தால் வாழ்கின்றவர்கள் நாம். எழுதுகோலும் சோக்கட்டியும் பிடிக்கும் விரல்கள் வண்டியைத் திசைகாட்டி நடத்துவதற்கே உரியவை. உடலின் பாரத்தைத் தாங்குவதற்கு ஆசனம் இருக்கின்றது. கை வழிகாட்டியேயன்றித் தூண் அன்று.