உருக மறுத்த உலோகம்

உலோகங்களிலேயே மிக அதிக வெப்பத்தில் உருகுவது டங்ஸ்டன். இரும்பு 1,538 பாகை செல்சியசில் உருகிவிடும். டங்ஸ்டனுக்கோ ஏறத்தாழ 3,422 பாகை தேவை. வெண்சூட்டில் ஒளிரும் மின்விளக்கு இழைக்கு இதைவிடப் பொருத்தமான உலோகம் ஏது? ஆனால், அந்தத் தன்மையே தடையாகவும் நின்றது. அதை உருக்கி வார்ப்பது கடினம். சுத்தியலால் தட்டினாலோ நொறுங்கியது.

அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் கூலிட்ஜ் பல ஆண்டுகள் முயன்று வழி கண்டார். டங்ஸ்டன் தூளை அழுத்திக் கட்டியாக்கி, சூடேற்றி, சூட்டோடு தட்டித் தட்டி நீட்டினார். 1910ஆம் ஆண்டுவாக்கில் தலைமுடியைவிட மெல்லிய கம்பி உருவானது.

இன்று எல்இடி விளக்குகள் வந்தபின் அவ்விழைக்குத் தேவை குறைந்துவிட்டது. டங்ஸ்டனுக்கோ வேலை குறையவில்லை. கரிமத்துடன் சேர்ந்த டங்ஸ்டன் கார்பைடு எஃகையே வெட்டும்; பாறையைத் துளைக்கும் கருவிகளின் முனைகளிலும் அதுவே பதிக்கப்படுகிறது.