குளிருக்குக் கூலி

"கெந்திங்கா போறீங்க? சுவெட்டர எடுத்துக்குங்க, பேங்க் கார்ட வீட்லயே வச்சிட்டுப் போங்க." மலையேறக் கிளம்புகிறவர்களுக்கு மலேசியத் தமிழ்க் குடும்பத்துப் பெரியவர்கள் சொல்லும் புத்திமதி இவ்வளவுதான். அதே பெரியவர்களிடம் கேமரன் மலைக்குப் போவதாகச் சொல்லிப் பாருங்கள். சுவெட்டரோடு பேச்சு நிற்காது. எந்தத் தோட்டத்தில் யார் பிறந்தார், யார் தண்டலாக இருந்தார், யார் வீட்டுக் கல்யாணத்தில் விடியும்வரை மழை கொட்டியது என்று நீண்டுகொண்டே போகும்.

இரண்டுமே பகாங் மாநிலத்து மலைகள். கேமரனில் தேயிலை, கெந்திங்கில் சூதாட்டம். ஒன்றுக்கொன்று ஒட்டும் உறவும் இல்லாதவை போலத் தெரியும். ஆனால் சூதாட்ட மலை கருக்கொண்டதே தேயிலை மலையின் குளிரில்தான்.

கொழுந்துக் காலம்

1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் கேமரன் மலையின் மேட்டுநிலத்தைப் பார்த்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுகள் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 1925இல் ஆங்கிலேய அதிகாரி ஜார்ஜ் மேக்ஸ்வெல் இதை வெள்ளையர் இளைப்பாறும் மலை நகரமாக்க முனைந்தார். பேராக் மாநிலத்துத் தாப்பாவிலிருந்து நூற்றுக்கணக்கான வளைவுகளோடு பாதை ஏறியது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல், இலங்கைத் தேயிலையில் பழகிய ஏ. பி. மில்னைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் இன்று பாரத் தேயிலை என்று அறியப்படும் தோட்டமும் வந்தது.

காட்டை வெட்டிச் சரிவில் நிரை பிடித்துச் செடி நட்ட கைகளில் பெரும்பாலானவை தமிழ்க் கைகள். ஊரிலிருந்து கங்காணி ஆள் கட்டிக் கூட்டிவரும் முறை 1938இல் இந்திய அரசு தடை போடும்வரை நடந்தது. வந்தவர்களுக்கு லயம், பிரட்டுக் களம், ஆயாக் கொட்டகை, முருகனுக்கோ மாரியம்மனுக்கோ ஒரு கோவில், பிள்ளைகளுக்கு ஒரு தமிழ்ப் பள்ளி. கித்தா தோட்டத்து வெயிலுக்குப் பழகியவர்களுக்கும் இந்தக் குளிர் புதிது. விடியற்காலைப் பனியில் செடி முழுக்க நனைந்திருக்கும். இடுப்பில் சாக்கைச் சுற்றிக்கொண்டுதான் நிரைக்குள் இறங்க முடியும். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். இன்று நாம் பணம் கொடுத்து அனுபவிக்கிற குளிர் அன்று வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அதற்குத் தனிக் கூலி கிடையாது.

ஒரு குத்தகைக்காரரின் கணக்கு

1960களின் தொடக்கத்தில் கேமரன் மலையில் நீர்மின் திட்டம் நடந்தது. ரிங்லெட்டில் இன்று நாம் பார்க்கும் ஏரி அந்தத் திட்டம் தேக்கிய நீர்தான். அங்கே குத்தகை வேலை எடுத்திருந்தவர்களில் ஒருவர் சீனாவின் ஃபூஜியான் மாநிலத்திலிருந்து 1937இல் வந்த லிம் கோ தோங். ஒரு நாள் மாலை சாப்பாட்டு வேளையில் மலைக்காற்று சிலுசிலுவென்று வீச, அவர் மனம் கணக்குப் போட்டது. இந்தக் குளிரைத் தேடி மக்கள் இவ்வளவு தூரம் வருகிறார்கள். கோலாலம்பூரிலிருந்து இருநூறு கிலோமீட்டர் வளைந்து வளைந்து வர வேண்டும். இதே குளிர் தலைநகரத்துக்கு ஒரு மணி நேரத் தொலைவில் கிடைத்தால்?

கெந்திங் செம்பாவுக்கு மேலே, உலு காலி மலையை ஒட்டி, ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இடம் பார்த்தார். 1965இல் நிறுவனத்தைப் பதிந்தார். மேலே ஏறும் சாலையை நான்கே ஆண்டில் முடித்தார். 1969 மார்ச் 31 அன்று பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் முதல் ஹோட்டலுக்கு அடிக்கல் நாட்டினார். நாட்டின் ஒரே சூதாட்டக் கூடத்துக்கான உரிமமும் இந்த மலைக்கே கிடைத்தது. இன்றுவரை அது ஒன்றுதான். 1971இல் ஹோட்டல் திறந்தது.

அதே 1969ஐத் தோட்டத்துத் தமிழர்கள் வேறு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். மே 13 கலவரம் நடந்த ஆண்டு அது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை அனுமதி வாங்கியே ஆக வேண்டும் என்ற சட்டம் இறுகிய ஆண்டும் அதுவே. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த பல்லாயிரம் இந்தியர்கள் மூட்டை கட்டி ஊர் திரும்பினார்கள். ஒரு மலையில் வருகிறவர்களுக்கு அறைகள் எழுந்துகொண்டிருந்த நேரத்தில் தோட்டங்களில் பல லயங்களின் கதவு சாத்தப்பட்டது.

கெந்திங்: பாத்தேக் சட்டையும் மேகத்து நகரமும்

பழைய கெந்திங் மரியாதை பார்த்த இடம். ஆண்கள் சூதாட்டக் கூடத்துக்குள் போக வேண்டுமென்றால் கழுத்துப்பட்டையோ முழுக்கை பாத்தேக் சட்டையோ போட்டிருக்க வேண்டும். இல்லாதவர்களுக்கு வாசலிலேயே வாடகைக்குக் கிடைக்கும். ஆடியவர்கள் பலர், வாடகைச் சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறும் பையோடு பேருந்தில் இறங்கியவர்கள்.

இன்று அது ஒரு நகரம். ஃபர்ஸ்ட் வேர்ல்ட் ஹோட்டல் ஒன்றில் மட்டும் 7,351 அறைகள். அறை எண்ணிக்கையில் உலகிலேயே பெரியது என்று கின்னஸில் இடம் பிடித்தது. பழைய திறந்தவெளிப் பொழுதுபோக்குப் பூங்காவை மூடி, ஹாலிவுட்டின் ஃபாக்ஸ் நிறுவனத்தின் பெயரில் புதியதைக் கட்டப் போனார்கள். அதில் எழுந்த தகராறு நீதிமன்றம்வரை போய் 2019இல் சமரசமானது. கடைசியில் 2022இல் ஸ்கைவேர்ல்ட்ஸ் என்ற சொந்தப் பெயரிலேயே திறந்தார்கள். சீனத்தில் கெந்திங்குக்கு மேகங்களின் உச்சி என்று பொருள்படும் பெயர். பொருத்தமான பெயர்தான். மதியத்துக்கு மேல் பல நாள்களில் எதிரே இருக்கும் கட்டடமே தெரியாது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை, சீனப் புத்தாண்டு, இவற்றைத் தவிர்த்துவிட்டால் அறை வாடகையும் வரிசையும் பாதிக்குப் பாதி இறங்கியதுபோல இருக்கும். காரைக் கீழே விட்டுவிட்டு அவானா கம்பி ஊர்தியில் ஏறுங்கள். நடுவில் சின் சுவீ குகைக் கோவில் நிறுத்தத்தில் இறங்காமல் போகாதீர்கள். மலைச்சரிவில் லிம் கோ தோங் பல ஆண்டுகள் பாடுபட்டுக் கட்டிய கோவில் அது, நுழைய ஒரு காசும் வேண்டாம். காலையிலேயே போனால் மேகம் மூடுமுன் பள்ளத்தாக்கைப் பார்க்கலாம். சூதாட்டக் கூடத்துக்குள் 21 வயது நிரம்பாதவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் அனுமதி இல்லை. அடையாள அட்டை கையில் இருக்கட்டும், செருப்பும் அரைக்கால் சட்டையும் வேண்டாம்.

விளையாடித்தான் பார்ப்பேன் என்கிறவர்கள் ஒரு கணக்கை மட்டும் தெரிந்துகொண்டு உள்ளே போகட்டும். மூன்று பகடை உருட்டி, கூட்டுத்தொகை சிறிதா பெரிதா என்று பணம் கட்டும் சீன ஆட்டம் அங்கே பிரபலம். வென்றால் கட்டியதற்குச் சமமான பணம் கிடைக்கும், பார்க்கப் பாதிக்குப் பாதி போல இருக்கும். மூன்று பகடைகள் விழக்கூடிய வழிகள் மொத்தம் 216. அதில் சிறிது வெல்வது 105, பெரிது வெல்வது 105. மிச்சம் ஆறு வழிகளில் மூன்று பகடையும் ஒரே எண்ணைக் காட்டும். அப்போது இரண்டு பக்கமும் தோற்கும், பணத்தைக் கூடம் எடுத்துக்கொள்ளும். அந்த ஆறு வழிகளும் சின்ன ஓட்டைதான். ஆனால் இரவு முழுக்க ஒழுகும். ஆகவே தோற்கத் தயாரான தொகையை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு, அதைச் சினிமா டிக்கெட் காசைப்போல நினைத்துச் செலவழிப்பவருக்கு மனக்கசப்பில்லை. விட்டதைப் பிடிக்க உட்காருகிறவருக்கு எந்தப் புத்திமதியும் உதவாது.

கேமரன்: துளிரும் கூட்டமும்

கேமரன் மலையும் அன்றிருந்த மலையில்லை. சிம்பாங் பூலாய் வழியாக இன்னொரு சாலை வந்துவிட்டது. சரிவுகளில் தேயிலையை விடவும் கண்ணில் அடிப்பது காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள். காடு வெட்டிய மண் ஆற்றில் இறங்கி ரிங்லெட் ஏரியைத் தூர்க்கிறது. 2013 அக்டோபரில் பெருமழையில் அந்த ஏரியின் அணை நீரைத் திறந்துவிட, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்கள் போயின. விடுமுறை நாள்களில் பிரிஞ்சாங் சாலையில் வண்டிகள் அங்குலம் அங்குலமாக நகரும். ஆகவே இங்கேயும் வார நாள்தான் நல்லது. திங்கட்கிழமையில் 'போ' நிறுவனத்தின் பார்வையாளர் மையங்கள் மூடியிருப்பது வழக்கம், கிளம்புமுன் கேட்டுக்கொள்ளுங்கள். தானா ராத்தாவில் பசியாறிவிட்டு விடிந்ததும் ஏறினால், சுங்கை பாலாஸ் சரிவில் பனி விலகும் நேரம் கிடைக்கும்.

அங்கே மலைக்கு வெளியே நீட்டிக் கட்டிய தளத்தில் நின்று எல்லோரும் படம் எடுப்பார்கள். கீழே நிரைகளுக்கிடையே இன்றும் ஆள்கள் நகர்கிறார்கள். கூடையும் விரலும் போய்க் கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. கொழுந்து வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் வங்கதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். நம் பாட்டன்மார் கங்காணி பின்னால் வந்ததுபோல இவர்கள் முகவர் பின்னால் வந்தவர்கள். அந்தப் பாட்டன்மாரின் பேரப்பிள்ளைகள் இப்போது தளத்தின் மேலே, சுவெட்டரோடு, ஒரு கோப்பை தே ஓ வாங்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

இது குறைசொல்ல வேண்டிய மாற்றமில்லை. சாக்கைச் சுற்றிக்கொண்டு நிரைக்குள் இறங்கியவர்கள் தங்கள் பிள்ளைகள் இறங்கக்கூடாது என்றுதான் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பினார்கள். பந்தயம் என்று சொல்லப்போனால் அதுவும் ஒரு பந்தயம்தான். கட்டியது ஒரு தலைமுறை, கைக்கு வந்தது அடுத்த தலைமுறைக்கு.

எனவே கேமரன் போகிறவர்களுக்கு ஒரு புத்திமதி பாக்கி இருக்கிறது. தொழிற்சாலையைப் பார்த்துவிட்டு இறங்கும்போது வண்டியை ஒரு நிமிடம் நிறுத்தி, தோட்டத்துக் குடியிருப்பைப் பாருங்கள். கூட வந்திருக்கும் பெரியவரிடம், "எந்த லயம், தாத்தா?" என்று கேளுங்கள். அவர் கை நீட்டுவார். அந்தப் பக்கம் திரும்பும்போதுதான் குளிர் உறைக்கும்.