தொட்டிலுக்கு முன்னே பத்திரம்

பிள்ளைக்குப் பேர் வைப்பதில் நம் தோட்டத்து மக்களுக்கு இருக்கிற ஆசை கொஞ்சநஞ்சமல்ல. முப்பதாம் நாள் தீட்டுக் கழித்துத் தொட்டில் போடுகிறோம். காதில் மூன்று தடவை பேரைச் சொல்லுகிறோம். கிறிஸ்தவக் குடும்பமானால் சாமியாரை அழைத்து ஞானஸ்நானம் கொடுக்கிறோம். சீட்டு எடுத்தாவது ஆடு அடித்து, உற்றார் உறவினருக்கு வயிறாரச் சாப்பாடு போடுகிறோம். இதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் தொட்டிலில் சொன்ன பேர் அரசாங்கப் புத்தகத்தில் ஏறிவிட்டதா என்று கேட்கிற வீடு எத்தனை? அதைத்தான் இந்த வாரம் பேச வேண்டியிருக்கிறது.

லாபிஸ் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் நடந்த விஷயம் இது. தோட்டத்தின் பேரும் குடும்பத்தின் பேரும் வேண்டாம். தகப்பன் குலை வெட்டுகிறவர். தாய் உதிரிப் பழம் பொறுக்குகிறவர். இரண்டு பேருமே இந்த மண்ணில் பிறந்தவர்கள், கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளைகள். ஐந்து மாதத்து ஆண் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று ஊரைக் கூட்டியிருந்தார்கள். நமக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்கள், போனோம்.

விழா நின்ற கதை

முதல் தடங்கல் மழையால் வந்தது. லாபிஸ் பக்கம் மழை என்றால் என்ன என்று ஜொகூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் வந்த பெருவெள்ளத்தை யாரும் மறக்கவில்லை. 2011 ஜனவரி 30-இல் தெனாங் சட்டமன்ற இடைத்தேர்தல் நடந்த அன்றும் வெள்ளம்தான். ஓட்டுப் போடப் போக முடியாமல் பலர் தவித்தார்கள். 2023 மார்ச்சில் செகாமாட் மாவட்டம் மறுபடியும் தண்ணீரில் நின்றது. இந்த விழாவன்று அவ்வளவு மோசமில்லை என்றாலும், தோட்டத்துச் செம்மண் பாதையில் முழங்கால் அளவு தண்ணீர். பத்து மணிக்கு வரவேண்டிய சாமியார் லோரியில் தொற்றிக்கொண்டு வந்து சேரும்போது பன்னிரண்டு தாண்டிவிட்டது. பிரியாணி ஆறிவிட்டது. பிள்ளை அழுது அழுது தூங்கிவிட்டது.

இரண்டாவது தடங்கல் ஞானத்தாய். தகப்பனின் தங்கையைத்தான் நிறுத்தியிருந்தார்கள். அவளுக்கு வயது பதினாலு. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டப்படி ஞானப் பெற்றோருக்குப் பதினாறு வயது நிறைந்திருக்க வேண்டும், அவர்கள் உறுதிபூசுதல் பெற்றவர்களாக இருக்க வேண்டும். அந்தப் பெண் முகம் வாடி ஒதுங்கிக்கொண்டாள். ஓர் அத்தையை நிறுத்தி அதைச் சமாளித்தார்கள்.

மூன்றாவது தடங்கலில்தான் எல்லாம் கவிழ்ந்தது. சாமியார் புத்தகத்தை விரித்துப் பேனாவை எடுத்தார்.

"பிள்ளையோட சூராட் பெரானாக் கொண்டாங்க. பேரு, பொறந்த தேதி எல்லாம் அதப் பார்த்து எழுதிடலாம்."

யாரும் அசையவில்லை. பத்திரம் எடுக்கவே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. செகாமாட் ஆஸ்பத்திரியில் பிரசவமானபோது கொடுத்த தாள் மட்டும் ஒரு மைலோ டின்னுக்குள் இருந்தது.

"கல்யாணப் பதிவு?" என்றார் சாமியார். அதுவும் இல்லை. வீட்டில் பெரியவர்கள் முன்னால் தாலி கட்டியதோடு சரி.

சாமியார் கெட்டவர் இல்லை. "பத்திரம் இல்லேன்னு நான் ஞானஸ்நானத்த நிறுத்தல. ஆனா, அப்பா பேர எழுதணும்னா ஒரு பத்திரமாவது இருக்கணும், இல்லேன்னா என் முன்னால அவரே சாட்சியோட சொல்லணும். அதான் சட்டம்" என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் பிள்ளையின் தாத்தாவுக்கு அது வேறு மாதிரி காதில் விழுந்தது.

"எங்க வீட்டுப் பிள்ளைக்கு அப்பன் யாருன்னு சாட்சி சொல்லணுமா? நாப்பது வருஷமா இந்தத் தோட்டத்துல மானமா பொழச்சிருக்கோம் சாமி!"

பாட்டி அழ ஆரம்பித்தார். மருமகள் தலைகுனிந்து நின்றாள். தாத்தா பேரனைத் தூக்கிக்கொண்டு மழையில் லைன் வீட்டுக்கு நடந்துவிட்டார். விழா அதோடு நின்றது. வந்தவர்கள் ஆறிய பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டுக் கலைந்தார்கள்.

முடிச்சு எங்கே விழுந்தது?

தகப்பனைத் தனியாக உட்கார வைத்து விசாரித்தோம். "ஏம்ப்பா, அஞ்சு மாசமா பத்திரம் எடுக்காம என்ன செஞ்சே?"

"அவளுக்கே ஐ.சி. இல்லண்ணே. கவுண்டர்ல போய் நின்னா அவளப் புடிச்சுக்குவாங்களோன்னு பயம்."

விஷயம் இதுதான். அந்தத் தாய் தொண்ணூறுகளில் ஒரு லைன் வீட்டிலேயே பிறந்தவள். மருத்துவச்சி கையில் பிரசவம். அவளுடைய பெற்றோர் இருவரும் குடிமக்கள், கோயிலில் முறைப்படி கல்யாணம் செய்து பதிந்தவர்கள். ஆனாலும் பிள்ளை பிறந்ததைப் போய்ப் பதிய நேரமில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போனது. கையிலிருந்த கிளினிக் கார்டும் 2006 வெள்ளத்தில் டிரங்குப் பெட்டியோடு ஊறிக் கூழாகிவிட்டது. பிறப்புப் பத்திரம் இல்லாததால் பன்னிரண்டு வயதில் எடுக்க வேண்டிய அடையாளக் கார்டு எடுக்க முடியவில்லை. கார்டு இல்லாததால் கல்யாணத்தைப் பதிய முடியவில்லை. இப்போது மூன்றாம் தலைமுறையாக இந்தப் பையன். ஒரு வீட்டில் ஒரு தடவை சோம்பியதை அடுத்தடுத்த பிள்ளைகள் சுமக்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று விளங்கிக்கொள்ள வேண்டும். 1957 ஆகஸ்டு 31 முதல் 1962 செப்டம்பர் முடியும்வரை இந்த நாட்டில் பிறந்த பிள்ளைகள் பிறந்த மண்ணை வைத்தே குடிமக்கள் ஆனார்கள். அதற்குப் பிறகு பெற்றோரின் நிலையையும் பார்க்கிறார்கள். தாய் தகப்பனின் கல்யாணம் சட்டப்படி செல்லுமானால் தகப்பன் குடிமகனாக இருந்தாலே போதும். கல்யாணம் பதியப்படாவிட்டால் அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணைப்படி தாயின் நிலைதான் பிள்ளையின் நிலை. தாய்க்கு ஒன்றுமில்லை என்றால் பிள்ளைக்கும் ஒன்றுமில்லை. தகப்பன் கையில் நீல ஐ.சி. இருந்தும் பலனில்லை.

"தாலி கட்டினது போதாதா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. ஒரு காலத்தில் போதும். 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1-ஆம் தேதி அமலுக்கு வந்த பிறகு போதாது. முஸ்லிம் அல்லாதவர்களின் கல்யாணம் பதிவதிகாரி முன்னால் நடக்க வேண்டும், அல்லது துணைப் பதிவதிகாரியாக நியமிக்கப்பட்ட கோயில், தேவாலயப் பொறுப்பாளர் முன்னால் நடக்க வேண்டும். சட்டம் வந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் தோட்டங்களில் மேளம் கொட்டியதே பதிவு என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பிள்ளை பிறந்த பிறகு ஓடிப்போய்க் கல்யாணத்தைப் பதிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நம்பி இருக்கக்கூடாது. மலேசியத் தகப்பனுக்கும் பிலிப்பைன்ஸ் தாய்க்கும் அவர்கள் கல்யாணத்துக்கு முன்பு வெளிநாட்டில் பிறந்த ஒரு பிள்ளையின் வழக்கு கூட்டரசு நீதிமன்றம்வரை போனது. 2021-இல் நான்கு நீதிபதிகள் ஒரு பக்கம், மூன்று நீதிபதிகள் மறுபக்கம் என்று பிரிந்து, பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை என்று தீர்ப்பானது.

காகிதம் இல்லாதவன் பட்ட பாடு

காகிதம் இல்லாததால் நம் ஆட்கள் பட்டது புதுக் கதை அல்ல. 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் பெர்மிட் வாங்கித்தான் வேலை செய்ய வேண்டும் என்று ஆனது. ரப்பர் மரத்தோடு வளர்ந்தவர்கள் சிவப்பு ஐ.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார்கள். ஆயிரக்கணக்கான பேர் கப்பலேறினார்கள். அந்தக் கண்ணீரை நம் பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத்து உறவுகள் பட்டதும் இதேதான். 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டம் தகப்பன் இங்கே பிறந்தானா, அதற்குப் பத்திரம் உண்டா என்று கேட்டது. லயத்தில் பிறந்தவனுக்கு ஏது பத்திரம்? லட்சக்கணக்கானவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964-இல் சிறிமாவோ, சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு அவர்களை எண்ணிப் பங்கு பிரித்தார்கள். மிஞ்சியிருந்தவர்களின் கதை 2003-இல் தனிச் சட்டம் வந்த பிறகுதான் முடிவுக்கு வந்தது.

உலக நாடுகள் 1989-இல் எழுதிய குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 7-ஆம் விதி, பிறந்த உடனே பதிவு, ஒரு பேர், ஒரு நாடு என்று சொல்கிறது. மலேசியா 1995-இல் அதில் சேர்ந்தது. ஆனால் அந்த 7-ஆம் விதிக்குக் கட்டுப்பாடு சொல்லி ஒதுக்கி வைத்தது. அதை நீக்கச் சொல்லிக் கேட்பது சங்கங்களின் வேலை. அதுவரை நம் வீட்டுப் பிள்ளையைக் காப்பாற்றுவது நம் வேலை.

அந்தப் பிள்ளைக்கு என்ன வழி?

மறுநாள் சாமியாரையே போய்ப் பார்த்தோம். அவர் ஒரு நல்ல வார்த்தை சொன்னார். "தாய்க்கு சின்ன வயசுல ஞானஸ்நானம் கொடுத்திருப்பாங்கல்ல? அந்தப் புத்தகம் எங்கேயும் போயிருக்காது."

தேடினார்கள், கிடைத்தது. தாயின் பேர், பிறந்த தேதி, பெற்றோர் பேர், ஞானப் பெற்றோர் பேர் எல்லாம் மையில் எழுதி அப்படியே இருந்தது. அதில் பேர் கண்ட ஞானத்தாய் இன்னும் பக்கத்துத் தோட்டத்தில் உயிரோடு இருக்கிறார். பிள்ளை பிறந்த அன்று வெந்நீர் போட்டுக் கொடுத்தவரே அவர்தானாம்! கோயில் புத்தகத்து நகல் பிறப்புப் பத்திரம் ஆகாது. ஆனாலும் தாமதப் பதிவுக்கு விண்ணப்பம் போடும்போது கையில் எதுவுமே இல்லாமல் நிற்பதற்கும், பழைய எழுத்து ஒன்றும் நேரில் கண்ட சாட்சி ஒருவரும் இருப்பதற்கும் எவ்வளவோ வித்தியாசம் உண்டு. தாய்க்கு விண்ணப்பம் போட்டாகிவிட்டது. அவளுடைய நிலை உறுதியானால் மகனுடைய நிலையையும் திருத்தக் கேட்கலாம்.

மகனுக்கும் தாமதப் பதிவு செய்தார்கள். கல்யாணம் பதியாதவர்களின் பிள்ளைக்குத் தகப்பன் பேரை எழுத வேண்டுமானால், 1957-ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவுப்படி, தாயும் தகப்பனும் சேர்ந்து கேட்க வேண்டும். இருவரும் போய்க் கையெழுத்துப் போட்டார்கள். அன்றைக்குச் சாமியார் கேட்ட சாட்சியைத்தான் அரசாங்கமும் கேட்டது. தாத்தாவிடம் இதைச் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே தலையை ஆட்டினார். அடுத்த மாதப் பூசையில் மேளமும் பிரியாணியும் இல்லாமல் பையனுக்கு ஞானஸ்நானம் நடந்தது. ஆனால் அவன் பிறப்புப் பத்திரத்தில் குடியுரிமை இல்லை என்றுதான் இன்றைக்கும் எழுதியிருக்கிறது. அதை மாற்ற இன்னும் எத்தனை படி ஏற வேண்டுமோ!

தோழர்கள் செய்ய வேண்டியது

ஒன்று: தீபகற்பத்தில் பிறப்பைப் பதிய 60 நாள் தவணை. முப்பதாம் நாள் தொட்டில் என்றால் அது சரிபாதி. ஆகவே தொட்டில் கட்டுவதற்கு முன்னே பத்திரம் என்று ஒவ்வொரு லைனிலும் ஒரு வழக்கமாக வைத்துக்கொள்ளுவோம். அழைப்புச் சொல்ல வருகிறவரிடம், "பத்திரம் எடுத்தாச்சா?" என்று கேளுங்கள். மொய் எழுதுவதைவிட அது பெரிய உதவி.

இரண்டு: தாய்க்குக் கார்டு இல்லை என்று பயந்து பிள்ளையைப் பதியாமல் விடாதீர்கள். பிறப்பைப் பதிவது வேறு, குடியுரிமை வேறு. பதிந்த பிள்ளைக்கு வழக்குப் பேச ஒரு காகிதமாவது இருக்கும். பதியாத பிள்ளை பிறக்கவே இல்லை என்பதுபோல் ஆகிவிடும்.

மூன்று: தாலி கட்டி வாழ்ந்துகொண்டு கல்யாணம் பதியாதவர்கள் அடுத்த பிள்ளைக்கு முன்னாவது பதிந்துகொள்ளுங்கள்.

நான்கு: குடியுரிமை இல்லாத பிள்ளைக்கு, சட்டம் சொல்லும் வயதுக்குள், அரசியலமைப்பின் 15ஏ பிரிவின் கீழ் விண்ணப்பம் போடலாம். அந்த வயது தாண்டினால் அந்தக் கதவு அடைபட்டுவிடும். "சின்னப் பிள்ளைதானே" என்று வருடத்தை ஓட்டாதீர்கள்.

ஐந்து: கிளினிக் கார்டு, ஆஸ்பத்திரித் தாள், பள்ளிக்கூட ரிப்போர்ட், கோயில் சான்று எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றை வேறு ஊரில் உள்ள சொந்தக்காரர் வீட்டில் வையுங்கள். நம் பக்கத்துத் தண்ணீருக்குப் பத்திரம் எது, பழந்துணி எது என்று தெரியாது.

2011 பிப்ரவரியில் பத்திரமில்லாத இந்தியர்களைப் பதிய மைடஃப்தார் என்ற இயக்கம் நடந்தபோது, எத்தனை பேர் மறைத்து வைத்திருந்த கதையோடு வரிசையில் வந்து நின்றார்கள் என்பதை நாடே பார்த்தது. அந்த மாதிரி இயக்கம் மறுபடி வரும் என்று காத்திருக்க வேண்டாம். பதிவு இலாகா திங்கட்கிழமை காலையில் திறக்கிறது. வெட்டு வேலைக்கு ஒருநாள் லீவு போட்டால் ஒருநாள் சம்பளம் போகும், உண்மைதான். போகாவிட்டால் என்ன போகும் என்பதை லாபிஸில் பார்த்தோம். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் உங்கள் தோட்டக் கமிட்டித் தலைவரைக் கூப்பிடுங்கள். பக்கத்தில் நின்று பாரம் நிரப்பிக் கொடுப்பதும் சங்க வேலைதான்.