கடையில் மெத்தை, தெருவில் கட்டை

பாஸ்டன் மராத்தான் 1897இல் தொடங்கிய பந்தயம். இப்போது ஏப்ரல் மாதத்தின் மூன்றாவது திங்கட்கிழமையில் நடக்கிறது. அந்த 42.195 கிலோமீட்டருக்கு உடம்பைத் தயார்படுத்த நான்கு மாதமாவது வேண்டும். ஏப்ரலிலிருந்து பின்னோக்கி எண்ணினால், பயிற்சியின் பெரும்பகுதி நியூ இங்கிலாந்தின் கடுங்குளிரில் போய் விழுகிறது. பந்தயத்தில் ஆளைச் சோதிக்கும் ஹார்ட்பிரேக் ஹில் ஏற்றம் நியூட்டன் நகரின் காமன்வெல்த் அவென்யூவில் இருக்கிறது. ஜனவரி, பிப்ரவரி வார இறுதிகளில் அந்த அவென்யூவை ஒட்டிய சிறு பாதையில் கையுறையும் குல்லாயுமாக 25, 30 கிலோமீட்டரை நிதானமாக ஓடிக் கடப்பவர்களைப் பார்க்கலாம்.

நிதானம் சோம்பேறித்தனம் அல்ல. நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் வெறும் 800 மீட்டர் ஓடும் பீட்டர் ஸ்னெல்லைக்கூட ஞாயிறுதோறும் 35 கிலோமீட்டர் ஓடவிட்டார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஸ்னெல் 800 மீட்டரிலும், லிடியார்டின் இன்னொரு சீடரான மரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். நீண்ட, நிதானமான ஓட்டம் தசைகளில் நுண்குழாய்களைப் பெருக்கி, கொழுப்பை எரிக்கும் திறனை வளர்க்கிறது. லிடியார்ட் பிழைப்புக்காகக் காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் என்பது நம் விஷயத்துக்குப் பொருத்தமான செய்தி.

30 கிலோமீட்டரை மூன்று மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு ஓடுபவர் ஏறத்தாழ 30,000 முறை காலை ஊன்றுகிறார். ஒவ்வொரு முறையும் அவர் எடையைப்போல இரண்டு மடங்குக்குமேல் விசை காலில் ஏறுகிறது. அதைத் தாங்குவது பாதத்துக்கும் தரைக்கும் நடுவில் உள்ள நுரை. ஓட்டக்காரர்கள் மிட்சோல் என்று சொல்லும் பகுதி. 1970களின் நடுவிலிருந்து இன்றுவரை பெரும்பாலான ஷூக்களில் இருப்பது இ.வி.ஏ. என்ற பிளாஸ்டிக்கின் நுரை. இலேசானது, மலிவானது. ஆனால் கடையில் கதகதப்பான 22 டிகிரியில் மெத்தையாக இருக்கும் அதே ஷூ, பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி உள்ள தெருவில் கட்டையாகிவிடுகிறது. கையால் அழுத்திப் பார்த்தாலே தெரியும்.

காரணம் மூலக்கூறுகளின் அசைவு. இ.வி.ஏ. நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளால் ஆனது. அறை வெப்பத்தில் அந்தச் சங்கிலிகளின் துண்டுகள் ஓயாமல் நெளிந்துகொண்டிருக்கும். அழுத்தினால் இடம் மாறும், விட்டால் திரும்பும். வெப்பம் குறையக் குறைய நெளிவு மந்தமாகிறது. ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே அசைவு ஏறக்குறைய நின்றுபோய், பொருள் கண்ணாடியைப்போல விறைத்து நொறுங்கும் தன்மை பெறுகிறது. இ.வி.ஏ.வுக்கு அந்த எல்லை பூஜ்யத்துக்குக் கீழே இருபது, முப்பது டிகிரியில் இருக்கிறது. அவ்வளவு குளிரில் யாரும் ஓடப்போவதில்லை என்று நிம்மதி அடைய முடியாது. இறுக்கம் எல்லைக்கு வெகு முன்னாலேயே தொடங்கிவிடும்.

இதே சங்கதி ஒரு விண்கலத்தையே அழித்திருக்கிறது. 1986 ஜனவரி 28 காலை, வெறும் 2 டிகிரி குளிரில் ஏவப்பட்ட சேலஞ்சர் வெடித்துச் சிதறியது. விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன், கலத்தை உந்திய ராக்கெட்டின் இணைப்புகளில் இருந்த ரப்பர் வளையத்தின் ஒரு துண்டைக் கவ்வியில் அழுத்திப் பனிநீரில் முக்கினார். எடுத்துக் கவ்வியைத் தளர்த்தியபோது ரப்பர் உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை. பொங்கிவந்த வாயுவை அடைக்க வேண்டிய வளையம் குளிரில் சோம்பிக் கிடந்தது என்பதைக் காட்ட அவருக்கு ஒரு தம்ளர் போதுமானதாக இருந்தது.

ஷூவுக்கு மாற்று வந்துவிட்டது. 2013இல் அடிடாஸ், ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். ரசாயன நிறுவனத்துடன் சேர்ந்து, டி.பி.யூ. என்ற பொருளின் பொரித்த மணிகளை நீராவியில் ஒட்டவைத்து பூஸ்ட் நுரையைக் கொண்டுவந்தது. 2017இல் நைக்கியின் வேப்பர்ஃபிளை ஷூ வழியாக பெபா என்ற நுரை புகழ்பெற்றது. இவ்விரண்டின் மென்மையான சங்கிலிப் பகுதிகள் இன்னும் வெகு கீழான வெப்பநிலையில்தான் உறைகின்றன. அதனால் ஜனவரியிலும் அவற்றின் துள்ளல் பெருமளவு மிஞ்சுகிறது. எடை கூடுதலாக இருந்தாலும் நிதான ஓட்டத்துக்கு நான் டி.பி.யூ.வையே சொல்வேன். கார்பன் தகடு பதித்த பந்தய ஷூவுக்குக் கொட்டும் பணம் இந்த வேகத்தில் வீண்.

இ.வி.ஏ. ஷூவே இருக்கிறதென்றால் அதைத் தூக்கிப் போட வேண்டாம். நுரை வெப்பத்தை எளிதில் கடத்தாது. வீட்டுக்குள் வைத்திருந்த ஷூ சட்டென்று குளிர்ந்துவிடாது. ஒவ்வொரு அழுத்தத்திலும் கொஞ்சம் ஆற்றல் வெப்பமாக மாறுவதால் ஓட ஓட நுரை உள்ளுக்குள் சூடேறவும் செய்யும். இரவெல்லாம் காரில் போட்டுவைத்த ஷூவோடு கிளம்புவதுதான் தவறு.

அடுத்தது பிடிமானம். எலும்பு முறிவதெல்லாம் இங்கேதான். மிதிக்கும் அழுத்தத்தில் பனிக்கட்டி உருகி வழுக்குகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். கணக்குப் போட்டால் ஓட்டக்காரரின் காலடி அழுத்தம் உருகுநிலையை ஏறத்தாழ நூறில் ஒரு டிகிரிதான் இறக்குகிறது. அது எதற்கும் போதாது. பனிக்கட்டியின் மேற்பரப்பு இயல்பிலேயே நீர்த்தன்மை கொண்டது என்று 1850இல் மைக்கேல் ஃபாரடே சொன்னதுதான் உண்மைக்கு நெருக்கம். மேலடுக்கு மூலக்கூறுகளுக்குப் பிடித்துக்கொள்ள மேலே யாருமில்லை. அவை தளர்ந்து உருளுகின்றன. குளிர் மிகும்போது அந்த உருளலும் அடங்குகிறது. ஆகவே கடுங்குளிரைவிடப் பூஜ்யத்தை ஒட்டிய ஈரப்பனியே ஓட்டக்காரருக்கு ஆபத்து. பகலில் உருகி இரவில் உறையும் பாஸ்டன், டொராண்டோ போன்ற ஊர்களில் அது வாரத்துக்கு இரண்டு முறையாவது வாய்க்கிறது. டொராண்டோவின் ஸ்கார்பரோவில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதே டொராண்டோவில் வின்டர்லேப் என்ற ஆய்வகம் இருக்கிறது. பனித்தரையைச் சாய்த்துச் சாய்த்து, பாதுகாப்புக் கச்சை கட்டிய ஆட்களை அதன்மேல் நடக்கவிட்டு, எந்தச் சரிவில் கால் வழுக்குகிறது என்று அளக்கிறார்கள். 2016இல் 98 வகைக் குளிர்காலக் காலணிகளைச் சோதித்ததில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. தேறியவை ரப்பரோடு நுண்ணிழைகளோ கடினத் துகள்களோ கலந்த அடிப்பாகம் கொண்டவை. ஆழமான பள்ளங்கள் புதுப்பனியில் உதவும், வழவழப்பான பனிக்கட்டியில் உதவாது. அங்கே டங்ஸ்டன் கார்பைடு முனைகள் பதித்த ஷூதான் வேலை செய்யும். வெறும் சிமென்ட் தரையில் அது கடகடக்கும், ஓட்டமும் சுகமாக இருக்காது.

நீர்புகாத கோர்டெக்ஸ் ஷூ வேண்டுமா? பாப் கோர் 1969இல் டெஃப்லானை வெடுக்கென்று இழுத்து உருவாக்கிய சவ்வு அது. அதன் துளைகளில் நீர்த்துளி நுழையாது, நீராவி நுழையும். பூஜ்யத்தை ஒட்டிய பனிச்சேற்றில் அது வரம். ஆனால் கணுக்கால் வழியாக ஒருமுறை நீர் புகுந்தால் அதே சவ்வு நீரை உள்ளேயே சிறைவைக்கும். பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி போனால் பனி உலர்ந்த தூள். அங்கே சாதாரண வலைத்துணியும் கம்பளிக் காலுறையும் போதும். நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துவதால், நனைந்த காலுறையோடு மூன்று மணி நேரம் மெதுவாக ஓடுவது தண்டனை. தடித்த காலுறைக்கு இடம்விட்டு அரை அளவு பெரிய ஷூ வாங்குங்கள். இறுக்கினால் ரத்த ஓட்டமும் குறையும், கதகதப்பைப் பிடித்துவைக்கும் காற்றும் நசுங்கும்.

வாங்குகிறவருக்கு வரிசை சொல்ல வேண்டுமானால், முதல் காசு அடிப்பாக ரப்பருக்கு, அடுத்தது நுரைக்கு, கடைசியில்தான் சவ்வுக்கு. தெரு முழுக்கப் பனிக்கட்டி பளபளக்கும் காலையில் முனை பதித்த ஷூ கையில் இல்லையென்றால் வெளியே போகாதீர்கள். அன்றைக்கு டிரெட்மில்லே சரி.